உருளைக்கிழங்கு வெந்த மணி



பழைய சாமான் கடையிலோ, வீட்டுப் பரணிலோ, கறுத்துப்போன உலோகச் சாமான் ஒன்று கிடைக்கிறது. கிண்ணமா, விளக்கின் அடிப்பாகமா, இன்னதென்று தெரியவில்லை. உடனே நம் வாயில் வரும் கேள்வி என்ன? "கிலோ என்ன விலைக்குப் போகும்?" என்பதுதானே! அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இதில் எழுத்து ஏதும் இருக்கிறதா?"

நியூசிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள். 1836-ஆம் ஆண்டு வாக்கில், வில்லியம் கொலன்சோ என்ற பாதிரியார் வாங்கரே என்னும் ஊர்ப்பக்கம் போனார். அங்கே மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்றார்கள். பார்த்தால் அது பாத்திரமே அல்ல. விளிம்பு உடைந்துபோன மணி! சுற்றிலும் ஏதோ எழுத்து. ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்து அதை மாற்றி வாங்கிக்கொண்டார் கொலன்சோ.

பின்னாளில் தமிழறிந்தவர்கள் பார்வைக்குப் போனதும் விடை கிடைத்தது. எழுத்து நம் தமிழ்! "முகைதீன் பக்சு என்பவருடைய கப்பல் மணி" என்பது அதன் பொருள். எழுத்தின் வடிவத்தைக் கொண்டு, சுமார் 500 ஆண்டுப் பழமை இருக்கலாம் என்பர் சிலர். 1899-இல் கொலன்சோ காலமானார். அவர் விட்டுச் சென்ற அந்த மணி இன்று வெலிங்டன் நகரின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைக் கொண்டு, தமிழன்தான் நியூசிலாந்தைக் கண்டுபிடித்தான் என்று மார்தட்ட வேண்டாம். மணி அங்கே போன வழி பற்றிப் பல கருத்துகள் உண்டு. ஆனால் கப்பல்கார முகைதீனின் பெயர் மட்டும் அழியவில்லை. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கப்பலேறி வந்த கடாரக் கரையில் வாழும் நமக்கு அந்தப் பெயர் அந்நியமா என்ன?

நம் பாட்டிமார் சீதனச் செம்பிலும் குடத்திலும் பெயர் வெட்டி வைத்தார்களே, அதுவும் இதே வழக்கம்தான். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு மெர்கோங், அலோர்ஸ்டார் என்று குடிபெயர்ந்தபோது, அவற்றில் எத்தனை பழைய இரும்பு லோரியில் ஏறினவோ! பிறந்த ஊரும் பெயரும் எழுதிய காகிதம் இல்லாத குடும்பங்களுக்கு, அந்தச் செம்புதான் சாட்சி.

ஆகவே, அப்படி ஒரு சாமான் கிடைத்தால்:

புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க எழுத்தும் தேயும்.

மெல்லிய தாளை எழுத்தின்மேல் வைத்து, பென்சிலைப் படுக்கவைத்து உரசுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் தாளில் தெரியவரும்.

எங்கே, யாரிடம் கிடைத்தது என்று அன்றைக்கே குறித்து வையுங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். "இது பெரட்டுக்கு அடித்த மணி" என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

மண்ணுக்குள் கிடைத்த பழம்பொருளானால், 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும்.

விற்பது உங்கள் விருப்பம். விற்குமுன் பெயரைப் படித்துவிடுங்கள். பித்தளைக்குத்தான் தராசு உண்டு. பாட்டியின் பெயருக்கு ஏது?