கட்டை போடும் டார்ச்சே போதும்

கைபேசியிலேயே விளக்கு இருக்கும்போது தனியாக ஒரு டார்ச் எதற்கு என்று கேட்போர் பெருகிவிட்டனர். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் புகுந்தபோதே இதற்கு விடை கிடைத்துவிட்டது. மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. உதவிக்கு அழைக்க வேண்டிய கருவியின் உயிரை இருட்டில் படியிறங்கச் செலவிடுவது எவ்வகைச் சிக்கனம்? 2016இல் வர்தாவும் 2023இல் மிக்ஜாமும் அதே பாடத்தை மீண்டும் நடத்திப் போயின.

தி. நகர்க் கடைகளில் கண்ணைப் பறிப்பவை சார்ஜ் செய்யும் டார்ச்சுகள். அன்றாடத்துக்கு அவை நல்லவையே. ஆனால் தீர்ந்தபின் அவையும் நம்மைப்போல் மின்சாரத்துக்குக் காத்திருப்பவை. புயற்காலத்துக்கு, பென்சில் பேட்டரி போடும் எல்.இ.டி. டார்ச்தான் என் தேர்வு. மாற்றுக் கட்டை தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்.

கட்டையிலும் வகை உண்டு. மலிவான துத்தநாக-கார்பன் கட்டைக்குக் கூடே துத்தநாகம். மின்சாரம் தரத்தர அக்கூடு கரைந்து மெலிந்து, இறுதியில் கசியும். உள்ளே மறந்துவிட்ட கட்டை ஸ்பிரிங்கை அரிப்பது இதனால்தான். அல்கலைன் விலை கூடுதல். வாங்கி வைத்தால் பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் தீர்ந்தபின் அதுவும் கசியக்கூடியதே.

ஆகவே ஐப்பசி பிறந்ததும் கட்டைகளைச் சோதியுங்கள். டார்ச்சுக்குள் போடாமல் அதனுடன் சேர்த்து, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். மூன்றாம் மாடியில் தனித்து வாழும் முதியவர்கள் மயிலாப்பூரில் ஏராளம். லிஃப்ட் நின்ற இரவில் அவர்களுக்குத் தேவை பெரிய வெளிச்சமன்று. நிச்சயமாக எரியும் வெளிச்சம்.