கூண்டுக்குத் தாழ்ப்பாள் நாம் போடுவோம்! தெருநாய்க்கு அரசு பதில் சொல்லட்டும்!



ஒரு தை மாதத்து விடியற்காலையில் எங்க கொல்லையில் ஒன்பது கின்னிக்கோழி செத்துக் கிடந்தது. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. கடித்து உதறிப் போட்டிருந்தது. கீரி வந்தால் ஒன்றிரண்டோடு போகும், முட்டையை உருட்டும். பருந்து பகலில் குஞ்சைத் தூக்கும். இப்படி மொத்தமாகக் கொன்று போட்டுவிட்டுப் போவது தெருநாய்க் கூட்டம்தான்.

அன்று ராத்திரி கூண்டுக் கதவை வெறும் கயிற்றால் கட்டிவிட்டுப் படுத்தவன் நான். அது என் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, ஒரு போட்டோ எடுக்காமல், யாருக்கும் எழுதிக் கொடுக்காமல், குழி தோண்டிப் புதைத்ததுதான். சங்கச் செயலாளரே இப்படிச் செய்தால் மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருப்பூர், ஈரோடு மாவட்டத்து ஆடு வளர்ப்போர் சும்மா இருக்கவில்லை. நாய் கடித்துச் செத்த ஆடுகளை ரோட்டுக்குக் கொண்டுவந்து போட்டுப் போராடினார்கள். அதன் பலனாக 2025-ல் தமிழக அரசு இழப்பீடு அறிவித்தது. தெருநாய் கடித்துச் செத்த மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 6,000 ரூபாய், கோழிக்கு 200 ரூபாய். நாம் என்ன செய்கிறோம்? செத்ததைப் புதைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறோம். காகிதத்தில் ஏறாத சாவுக்குக் காசு எப்படி வரும்?

கின்னிக்கோழியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உண்ணி, கரையான், வெட்டுக்கிளி எல்லாம் பொறுக்கித் தின்னும். தீவனச் செலவு குறைவு. பாம்போ, புது ஆளோ வந்தால் ஊரே எழுந்திருக்கக் கத்தும். ஆனால் பகலில்தான் அந்த வீரம். இருட்டினால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். மரத்தில் அடைந்தால் மரநாய்க்கும் பெரிய ஆந்தைக்கும் இரை. புதருக்குள் தரையில் அடை உட்கார்ந்தால் நாய்க்கும் நரிக்கும் இரை.

நம் கையில் இருக்கும் வேலையை முதலில் முடிப்போம்:

1. வாங்கி வந்த கோழியை உடனே திறந்துவிடாதீர்கள். மூன்று, நான்கு வாரம் கூண்டிலேயே வைத்தால்தான் அதுதான் வீடு என்று பழகும்.

2. தினமும் பொழுது சாயும் முன்னே ஒரே குரலில் கூப்பிட்டு, கூண்டுக்குள் ஒரு கைப்பிடி கம்பு போடுங்கள். எண்ணிப் பார்த்துப் பூட்டுங்கள். கயிறு வேண்டாம், இரும்புத் தாழ்ப்பாள் போடுங்கள்.

3. மெல்லிய கோழிவலையை நாய் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் அடியுங்கள். ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள். கூண்டைச் சுற்றிப் புதர் இருக்கக் கூடாது.

4. காலையில் பத்து மணிக்கு மேல் திறந்துவிடுங்கள். பனி காய்ந்திருக்கும். சில முட்டையாவது கூண்டுக்குள்ளேயே கிடைக்கும்.

5. அடைக்கு நாட்டுக்கோழியை நம்புங்கள். 26 முதல் 28 நாளில் பொரிக்கும். குஞ்சு ஈரம் தாங்காது. ஆறு வாரமாவது உள்ளேயே வளருங்கள்.

சிலர் கறியில் விஷம் வைக்கச் சொல்கிறார்கள். வேண்டவே வேண்டாம். விஷம் நம் வீட்டு நாயையும் பருந்தையும் சேர்த்துக் கொல்லும். பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை உண்டு. கீரியும் உடும்பும் காட்டுப்பூனையும் 1972 வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. அவற்றுக்குப் பொறி வைத்தாலும் வழக்குதான்.

இத்தனையும் செய்தாலும், பகலில் மேய்ச்சலில் நாய்க்கூட்டம் வந்தால் தாழ்ப்பாள் என்ன செய்யும்? நாய் ஏன் பெருகியது? எங்க கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போய், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். அந்த வழியெல்லாம் ஒரு காலத்தில் வயலும் மேய்ச்சலுமாக இருந்தது. இன்று ரோடும் அடுக்குமாடியும். ஓரத்தில் எவரோ மூட்டை கட்டி வீசும் கறிக்கடைக் கழிவு. இரை கிடைக்கும் இடத்தில் நாய் சேரத்தான் செய்யும். கிராமத்துச் சாலையோரமும் இப்போது இப்படித்தான் ஆகிவருகிறது. நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு என்று 2023 விதிகள் சொல்கின்றன. கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். அங்கே கழிவு கிடந்தால் வெளி நாயும் வந்து சேரும். ஆகவே குப்பையும் நாயும் ஒரே பிரச்சினை.

நமது கோரிக்கைகள்:

• கோழி இழப்பீட்டில் கின்னிக்கோழி, வான்கோழி, வாத்து ஆகியவற்றையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

• வளர்ந்த கின்னிக்கோழியை 200 ரூபாய்க்கு எந்தச் சந்தையில் வாங்குவது? தொகையை உயர்த்த வேண்டும்.

• கறிக்கழிவைக் கொட்டுபவர் மீது நடவடிக்கை வேண்டும். கருத்தடை வேலை ஊர் ஊராக, தேதி அறிவித்து நடக்க வேண்டும்.

இனி ஒரு கோழி செத்தாலும் போட்டோ எடுங்கள். கால்நடை மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து ரசீது கேளுங்கள். ஒரு நகலைச் சங்கத்தில் கொடுங்கள். அடுத்த கிராம சபையில், மாநகராட்சிக்குள் போய்விட்ட எங்களைப் போன்றவர்கள் பகுதி சபையில், அந்தக் கட்டைத் தூக்கிக் காட்டித் தீர்மானம் போடச் சொல்வோம். ஒரு மனுவை மூலையில் போடலாம். நூறு மனுவைப் போட மூலை இருக்காது!

புதைக்காதே, பதிவு செய்!
ஒன்றுபடுவோம், உரிமையைப் பெறுவோம்!

— செயலாளர்