ஒரு நாற்காலி போதாது

2016 ஏப்ரல் 18. பெங்களூரு பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸ் தொழிற்சாலைகளின் பெண்கள் தையல் மெஷினை விட்டு எழுந்து ஓசூர் சாலையில் இறங்கினார்கள். நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்ற மத்திய அரசின் புதிய விதிதான் காரணம். பிரசவத்துக்காக, பிள்ளைகளுக்காக, ஊர்க் கடனுக்காக வேலையை விட்டு நிற்கும் நாளில் அவர்களுக்குக் கைகொடுப்பது அந்தப் பணம். எந்தச் சங்கமும் அழைக்கவில்லை. மறுநாளே அரசு விதியைத் திரும்பப் பெற்றது.

கார்மென்ட்ஸ் பெண் எப்போது வேலையை விடுகிறாள், ஏன் விடுகிறாள் என்று அறிந்தவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருந்திருந்தால், அந்த விதி வெளியே வந்திருக்காது என்றே நம்புகிறோம். நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களிலும் இதே குறைதான்.

பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைந்தது ஒரு பெண் இயக்குநர் வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம். சந்தை மதிப்பில் முதல் 1,000 நிறுவனங்களில் அவர் உரிமையாளரைச் சாராத சுயேச்சை இயக்குநராக இருக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி விரிந்தது. மற்ற நிறுவனங்களில் உரிமையாளரின் மனைவியோ மகளோ அந்த இடத்தை நிரப்பலாம். பலர் அப்படித்தான் நிரப்பினார்கள். ஒருவரை உட்கார வைத்ததும் கடமை முடிந்துவிடுகிறது.

குடும்பத்துப் பெண் தானே உரிமை கேட்டு வந்தால்? முருகப்பா குழுமத்தின் எம்.வி.முருகப்பனின் மூத்த மகள் வள்ளி அருணாச்சலம், குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020 செப்டம்பரில் 91 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அவருக்கு எதிராக விழுந்தன. குடும்பத்துக்குள் சமரசம் ஏற்பட 2023 ஆகிவிட்டது.

கார்மென்ட்ஸ் பெண்கள் இறங்கிய அதே ஓசூர் சாலையில், எலக்ட்ரானிக் சிட்டியில், ஒரு பெண் உருவாக்கிய பயோகான் மருந்து நிறுவனம் இருக்கிறதே என்பார்கள். 1978இல் அதைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷாவுக்குக் கடன் தர வங்கிகள் தயங்கின. அவர் வென்றார் என்பதற்காக மற்றவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். உரிமையாளரின் உறவினர்களை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தகுதியான பெண்கள் கிடைக்க மாட்டார்கள் என்ற வாதம் 2003இல் 40 சதவீதச் சட்டம் இயற்றிய நார்வேயிலும் எழுந்தது, அங்கே கிடைத்தார்கள். மீறும் நிறுவனத்துக்கு நிறுவனச் சட்டம் விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு 3 லட்சம் ரூபாய். அதையும் பல மடங்கு உயர்த்த வேண்டும். பெண்களின் உழைப்பிலேயே ஓடும் கார்மென்ட்ஸ் நிறுவனங்களில், தையல் பிரிவிலிருந்து உயர்ந்து வந்த ஒரு பெண்ணாவது இயக்குநர் குழுவில் இருக்க வேண்டும்.