குடியும் குருதியும்

சென்ற மாதம் ஒரு காலை, கிழக்கிலங்கையின் வைத்தியசாலை ஒன்றின் வாயிலில் ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்து ஒன்பது பேர் இறங்கினார்கள். ஒன்பது பேரும் என் உறவினர். படுவான்கரையின் மூன்று ஊர்களிலிருந்து விடியற்காலையிலேயே திரட்டி ஏற்றிவரப்பட்டவர்கள். என் பெரியம்மாவின் மகள், எனக்கு அக்கா, சத்திரசிகிச்சைக்காக அங்கே அனுமதிக்கப்பட்டிருந்தார். இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பொருத்தமான இரத்தம் வங்கியில் இருக்கிறது, வீட்டார் எவரும் அலைய வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லியிருந்தார். ஆயினும் வான் வந்தது.

வானை ஒழுங்கு செய்தவர் அத்தான். அவரைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "ஆர்ர ரெத்தமெண்டு தெரியாம எப்பிடித் தம்பி ஏத்துற? எந்த ஊரானோ, என்ன ஆக்களோ."

'என்ன ஆக்கள்' என்பதன் பொருளை ஈழத்து வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏனையோருக்காகச் சொல்கிறேன்: சாதியைப் பெயர் சொல்லாமல் கேட்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் நாகரிகமான சொற்றொடர் அது.

அக்காவின் வகை பீ நெகட்டிவ். வந்த ஒன்பது பேரில் மூவர் அறுபதைக் கடந்தவர்கள், ஒருவருக்கு இரத்தச்சோகை. மிஞ்சிய ஐவரில் இருவர் பீ பொசிட்டிவ், மூவர் ஓ பொசிட்டிவ். ஒருவருடைய இரத்தமும் உதவவில்லை. வேறு உறவினரைத் தேடிப் பார்ப்போம் என்று அத்தான் மேலும் இரண்டு நாட்கள் சம்மதத்தை இழுத்தடித்தார். மூன்றாம் நாள், முகம் தெரியாத இருவருடைய இரத்தத்தோடு சத்திரசிகிச்சை நடந்தது. அக்கா வீடு திரும்பிவிட்டார். அந்த இரண்டு நாட்களை எண்ணும்போது எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அந்தக் கோபத்திலேயே இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் புதியவர் ஒருவரைக் கண்டால் முதற் கேள்வி ஊர். அடுத்த கேள்வி குடி. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் மணம் செய்வதில்லை. கோயில் முறைகளும் மரியாதைகளும் குடிவாரியாக வகுக்கப்பட்டவை. தமிழரிடம் மட்டுமன்றிக் கிழக்கின் முஸ்லிம்களிடமும் இவ்வழக்கம் உண்டு. பெண்வழியைப் போற்றும் இந்த மரபை நான் இகழ்பவன் அல்லன். நானும் ஒரு குடியைச் சேர்ந்தவனே. அக்காவும் நானும் ஒரே குடி. ஆனால் என் இரத்தம் ஓ பொசிட்டிவ். அவருக்கு ஒரு துளியும் பயன்படாது.

காரணம் எளியது. குடி தாயிடமிருந்து மட்டும் வருவது. குருதி வகை தாய், தந்தை இருவரிடமிருந்தும் பாதி பாதியாக வருவது. தாய் ஓ, தந்தை ஏபீ என்றால் பிள்ளைகள் ஏ ஆகவோ பீ ஆகவோ இருப்பார்கள். தாயின் வகையும் தந்தையின் வகையும் பிள்ளைகளுக்கு வாய்ப்பதில்லை. தாய் ஏ, தந்தை பீ, இருவரும் மறைவாக ஓ பண்பையும் சுமப்பவர்கள் என்றால், ஒரு வயிற்றில் பிறந்த நான்கு பிள்ளைகள் நான்கு வகையாகவும் இருக்கலாம். பெற்ற தாயின் இரத்தமே பிள்ளைக்கு நஞ்சாகக்கூடும் என்பது இயற்கையின் கணக்கு.

நஞ்சு என்பது வெறும் அலங்காரச் சொல் அன்று. 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் குருதி வகைகளை அறிவிக்கும்வரை இரத்தம் ஏற்றுவது சூதாட்டமாகவே இருந்தது. சிலர் பிழைத்தார்கள், சிலர் ஏன் இறந்தார்கள் என்பது எவருக்கும் புரியவில்லை. செங்கலங்களின் மேற்பரப்பில் ஏ, பீ என்னும் அடையாளங்களில் எது ஒருவரிடம் இல்லையோ, அதற்கு எதிரான பொருள் அவருடைய பிளாஸ்மாவில் இயல்பாகவே இருக்கிறது. ஓ வகையினருக்கு ஏ இரத்தத்தை ஏற்றினால் புதிய செங்கலங்கள் நாளங்களுக்குள்ளேயே உடைகின்றன, சிறுநீரகம் செயலிழக்கிறது, மரணமும் நேரலாம். இந்தக் கண்டுபிடிப்புக்காக 1930இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பொசிட்டிவ், நெகட்டிவ் என்று நாம் சொல்லும் றீசஸ் வகை 1940இல் வெளிப்பட்டது. அவர் பிறந்த ஜூன் 14ஐத்தான் உலகம் குருதிக் கொடையாளர் தினமாகக் கொண்டாடுகிறது.

'வகை பொருந்தினால் உறவினர் இரத்தம்தானே பாதுகாப்பு?' என்று கேட்பவர்கள் உண்டு. அங்கேயும் நம் நம்பிக்கை தடுக்கி விழுகிறது. பிள்ளை பெறும் வயதிலுள்ள மனைவிக்குக் கணவனின் இரத்தத்தை ஏற்றுவதை மருத்துவம் தவிர்க்கச் சொல்கிறது; கணவனின் அடையாளங்களுக்கு எதிராக அவளுடல் உருவாக்கும் பொருள், பின்னர் அவன் வழி வரும் கருவையே தாக்கக்கூடும். தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோரின் இரத்தத்தில் வேறோர் ஆபத்து. நெருங்கிய உறவின் வெண்கலங்களை நோயாளியின் உடல் அந்நியம் என்று அறியாமல் விட்டுவிடுகிறது. அவை உள்ளே பெருகி, ஏற்றுக்கொண்ட உடலையே தாக்குகின்றன. அரிதாக நிகழ்வதுதான், நிகழ்ந்தால் பெரும்பாலும் உயிர் தப்புவதில்லை. ஆகவேதான் நெருங்கிய உறவினரின் இரத்தத்தைக் கதிரியக்கத்துக்கு உட்படுத்திய பின்னரே ஏற்ற வேண்டும் என்பது விதி.

தொற்று பற்றிய அச்சத்தை நான் ஒதுக்கவில்லை, அது நியாயமானது. ஆனால் வானிலிருந்து இறங்கும் மைத்துனனின் நிலையை எண்ணிப் பாருங்கள். கொடையாளர் படிவத்தில் அவனது அந்தரங்க வாழ்வு பற்றிய கேள்விகள் இருக்கின்றன. வெளியே குடும்பமே காத்து நிற்கிறது. 'நான் தகுதியற்றவன்' என்று அவன் எப்படிச் சொல்லித் திரும்புவான்? யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாக வந்த அந்நியனுக்கு அந்த நெருக்கடி இல்லை. அவன் உண்மை சொல்லலாம், எழுந்து போகலாம். எச்.ஐ.வி., இரு வகை ஈரல் அழற்சிகள், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனை எல்லோருடைய இரத்தத்துக்கும் உண்டு. அதற்கு முந்திய காவல் கொடையாளரின் நேர்மைதான். இதை உணர்ந்தே இலங்கை 2014இல் முற்றிலும் தன்னார்வக் கொடை என்ற நிலையை எட்டியது. உறவினரை அழைத்து வந்து ஈடு செய்யச் சொல்லும் பழைய முறை இங்கே கைவிடப்பட்டது. இந்தியாவில் இன்னும் பல வைத்தியசாலைகளில் அது தொடர்கிறது. நம் நாட்டின் முறை மாறிவிட்டது. நம் மனம் இன்னும் வானில் ஏறி வருகிறது.

1991இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கலைப்பட்டம் கையில் இருந்தது, வேலை இல்லை. பகுதிநேரச் செய்தியாளனாக அலைந்துகொண்டிருந்தேன். அதற்கு முந்திய ஆண்டு எப்படிப்பட்டது என்பது இவ்விடத்தாருக்குத் தெரியும். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டார்கள். ஓர் ஊரார் அடுத்த ஊரின் எல்லையை மிதிக்க அஞ்சிய காலம்.

அந்நாட்களில் ஒரு பிற்பகல், வாவியைத் தோணியில் கடந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வீட்டிலே பிரசவம், குருதிப்பெருக்கு நிற்கவில்லை. வகை ஓ நெகட்டிவ். கூட வந்த அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றான். அவனுடைய வகை பொருந்தாது என்றபோது தாதியோடு சண்டைக்குப் போனான். "ஒரு வயித்துல பிறந்த என்ர ரெத்தம் சேராதெண்டா வேற ஆர்ரது சேரும்?" வங்கியில் ஒரே ஒரு பை இருந்தது. அதைக் கொண்டுவந்தபோது அவன் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது: "இது எந்த ஊர் ஆள்ர?"

பையில் ஓர் எண் இருந்தது. வகை இருந்தது. எடுத்த திகதி இருந்தது. பெயரோ ஊரோ மதமோ இல்லை. அவன் நெடுநேரம் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை பிழைத்தாள். அது தமிழருடைய இரத்தமா, முஸ்லிமுடையதா, அம்பாறையிலிருந்து வந்த சிங்களவருடையதா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை.

இது நமக்கு மட்டும் உரிய மடமை என்று எவரும் எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பினத்தவரின் இரத்தத்தை ஏற்கவே மறுத்தது. 1942இல் ஏற்கத் தொடங்கியபோதும் வெள்ளையர் இரத்தத்தோடு கலவாமல் தனியே வைத்தது. 1940இல் பிரித்தானியாவுக்குப் பிளாஸ்மா திரட்டி அனுப்பிய திட்டத்தின் மருத்துவத் தலைவரான சார்ள்ஸ் ட்ரூ ஒரு கறுப்பினத்தவர். விஞ்ஞான ஆதாரம் எதுவுமில்லை என்று அவரே கண்டித்த அந்த வழக்கம் 1950வரை நீடித்தது. அவர்களுடைய நிறமும் நம்முடைய 'என்ன ஆக்களும்' ஒரே நோயின் இரு பெயர்கள்.

குருதியில் வேறுபாடு இல்லை என்பது என் வாதமன்று. வேறுபாடு நிறையவே இருக்கிறது. நாம் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான். ஐரோப்பியரில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் நெகட்டிவ். நம்மிடம் ஏறத்தாழ ஐந்து பேரே. இதுவரை அறியப்பட்ட குருதி வகை முறைமைகள் நாற்பதுக்கு மேல். 1952இல் வைத்தியர் பெண்டேயும் சகாக்களும் கண்டறிந்த பொம்பாய் வகையினர் சாதாரணப் பரிசோதனையில் ஓ போலவே தோன்றுவர். ஆனால் ஓ இரத்தத்தையும் அவர்களுக்கு ஏற்ற முடியாது. தலசீமியாக் குழந்தைகள் சில வாரங்களுக்கொருமுறை வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள். அவர்களுக்கு ஏ, பீ, டி மட்டும் பொருந்தினால் போதாது. மேலும் பல அடையாளங்கள் பொருந்த வேண்டும். இல்லையேல் ஒவ்வொரு முறையும் அடுத்த பையைத் தேடுவது கடினமாகிக்கொண்டே போகும்.

மிக அரிதான வகைகளில் உடன்பிறந்தாரிடம் தேடுவது பயன் தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொம்பாய் வகையாருக்கு உடன்பிறந்தார் ஒவ்வொருவரும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பாவது உண்டு. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது இரத்த வங்கி. வானை ஒழுங்கு செய்பவர் அல்லர்.

ஆகவே வங்கியில் எத்தனை வகையான மனிதர்கள் பதிவாகியிருக்கிறார்களோ, அத்தனைக்கு அத்தனை நோயாளிக்குப் பாதுகாப்பு. ஒரு குடியால் அது முடியாது. ஓர் ஊராலும் ஓர் இனத்தாலும் முடியாது. எழுவான்கரையும் படுவான்கரையும் காத்தான்குடியும் ஏறாவூரும் சேர்ந்தால்தான் முடியும்.

நம் ஊர்களில் இரத்ததான முகாம்களுக்குக் குறைவில்லை. தலைவரின் பிறந்தநாள், கழகத்தின் ஆண்டுவிழா, பெரியவரின் நினைவுதினம். பதாகை, மாலை, படம். மறுநாள் பத்திரிகையில் செய்தி. அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாளில் நாடெங்கும் மக்கள் இரத்த வங்கிகளின் வாசலில் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையை நான் தலைவணங்கி நினைக்கிறேன். ஆயினும் செங்கலங்களை ஆறு வாரங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. குருதிச் சிறுதட்டுக்களுக்கு ஐந்து நாட்களே ஆயுள். ஒரே நாளில் கொடுத்தவர்கள் மீண்டும் கொடுக்க நான்கு மாதங்கள் செல்ல வேண்டும். எதுவும் வெடிக்காத, எவரும் பிறக்காத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் பிரசவ விடுதியில் குருதிப்பெருக்கு ஏற்படுகிறதே, அன்றைக்கு யார் வருவது?

வட்ஸ்அப்பில் சுற்றும் 'அவசரம், ஓ நெகட்டிவ் தேவை' என்ற செய்திகளை என்னென்பது? எந்த ஆண்டுச் செய்தி, அந்த நோயாளி வீடு திரும்பிவிட்டாரா, எவருக்கும் தெரியாது. அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுப் புண்ணியம் சேர்ந்ததாக உறங்குகிறோம். அனுப்புபவருக்குத் தம் சொந்த வகை தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

வெளிநாடுகளில் வாழும் வாசகரிடமும் ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நம்மவர்க்குரிய அரிய வகைகள் நம்மவரிடம்தான் அதிகம் கிடைக்கும். ஊருக்குப் பணம் அனுப்பிக் கோபுரம் கட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கேயுள்ள இரத்த வங்கியிலும் ஒருமுறை பெயரைப் பதியுங்கள்.

அத்தானோடு நான் இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் நேற்று அவருடைய மூத்த மகன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, அடுத்த முறை நீங்க போகக்குள்ள நானும் வாறன்" என்றான். அவன் அன்று வானில் வந்த பீ பொசிட்டிவ் இருவரில் ஒருவன். தாய்க்கு உதவாத இரத்தம் வேறு யாருக்கோ உதவும் என்பது அவனுக்குப் புரிந்திருக்கிறது.

எனக்கு வயது ஐம்பத்தேழு. நம் நாட்டில் அறுபதுவரைதான் கொடுக்கலாம். நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்றால் இன்னும் ஒன்பது தடவை. அடுத்தது வருகிற மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.