அழிக்காமல் ஆளாக்கும் மருந்து



'இரத்தப் புற்றுநோய்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் குடும்பங்கள் நம்பிக்கை இழந்து கலங்குவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஆனால் அந்நோய் ஒரே வகையினது அன்று. முன்பு மிகக் கொடியதாக இருந்த ஒரு வகை, இன்று பெரும்பாலும் குணமாகிறது. அவ்வரலாற்றை இம்மாதம் நோக்குவோம்.

எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணுக்கள் குழந்தைகளைப் போலப் படிப்படியாய் வளர்கின்றன. முதிர்ந்து, தம் கடமையைச் செய்து, காலம் முடிந்ததும் மடிகின்றன. 'புரோமைலோசைட்' வகைப் புற்றுநோயிலோ அவை பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஏன்? உயிரணுவினுள் 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. 1977இல் சிக்காகோவில் ஜேனட் ரௌலி அம்மையார் இதனைக் கண்டறிந்தார். இம்மாற்றத்தால் இரு மரபணுக்கள் ஒட்டி, முறைகேடான புரதம் ஒன்றைப் பிறப்பிக்கின்றன. முதிர்ச்சிக்குத் தேவையான மரபணுக்களை அப்புரதம் பூட்டிவிடுகிறது. முதிராத அணுக்கள் பெருகி மஜ்ஜையை அடைக்கின்றன. இரத்தம் உறையும் ஆற்றல் குலைகிறது. சில நாட்களிலேயே உயிர் பிரியவும் கூடும்.

அவ்வணுக்களை நஞ்சூட்டி அழிப்பதே அந்நாளைய மருத்துவம். ஷாங்காய் நகர மருத்துவர் வாங் ஜென்யி வேறு விதமாய் எண்ணினார்: வழிதவறியவற்றைக் கொல்லாமல் வளரச் செய்யலாகாதா? வைட்டமின் 'ஏ'யைச் சார்ந்த ரெட்டினாயிக் அமிலத்தை, 1985இல், சாகும் தறுவாயிலிருந்த 5 வயதுச் சிறுமிக்கு அளித்தார். பூட்டுத் திறந்தது, அணுக்கள் முதிர்ந்தன, சிறுமி பிழைத்தாள். 1988இல் வெளியான அறிக்கையின்படி, 24 நோயாளிகளுக்கும் நோய் தணிந்தது. அவர்களுள் 23 பேருக்கு இம்மருந்து மட்டுமே போதியதாயிற்று.

எனினும் பலருக்கு நோய் மீண்டது. அப்போது துணைக்கு வந்தது, ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களிலிருந்து ஆராய்ந்த ஆர்செனிக். அது அப்புரதத்தையே சிதைக்கிறது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் 1998 முதல் ஆர்செனிக்கை மட்டுமே கொண்டு பலரைக் குணப்படுத்தியுள்ளது. இன்று இவ்விரு மருந்துகளையும் காலத்தே பெறுவோரில் 10 பேருக்கு ஏறத்தாழ 9 பேர் பிழைக்கின்றனர்.

'காலத்தே' என்பதை மறவாதிருப்போம். ஈறுகளில் ஓயாத இரத்தக் கசிவு, அடிபடாமலே தோலில் நீலத் திட்டுகள், தணியாத காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால், நாளைக்கு என்று ஒத்திவைக்காமல் அன்றே மருத்துவமனைக்கு விரைவோம். வைட்டமின் மாத்திரைகளையோ பாஷாண மருந்துகளையோ நாமாக உட்கொள்வது பேராபத்து.

இந்நோயாளி இனித் தேறார் என்று தீர்ப்பளிக்க நாம் அவசரப்பட வேண்டா. கொடியதென்று அழிக்கப்பட்ட அணுவும், தடை நீங்கியதும் வளர்ந்து தன் கடமையைச் செய்ததன்றோ!