மாமை இழந்த தலைவியர்

ஸ்கொட் வெஸ்டர்பெல்ட் 2005இல் வெளியிட்ட 'அக்லீஸ்' என்னும் ஆங்கில நாவலில், 16 வயதெய்தும் ஒவ்வொருவரையும் நகர ஆட்சியினர் அறுவைச் சிகிச்சையால் அழகராக்குகின்றனர். அந்நாளுக்காக ஏங்கிக் கிடந்த டாலி என்னும் சிறுமி, முகத்தோடு மூளையும் மாற்றப்பட்டுச் சிந்தனை மழுக்கப்படுவதை அறிந்து எதிர்க்கத் துணிகிறாள். இதனை மேனாட்டாரின் எதிர்காலக் கற்பனையென்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். அவர்கள் ஒருமுறை வெள்ளவத்தைக் காலி வீதியில் நடந்து பார்க்கட்டும்.

இங்கே 16 வயதுவரை காத்திருப்பதில்லை. பூப்புனித நீராட்டு விழாவன்றே 12 வயதுச் சிறுமியின் முகத்தில் அவளுடையதல்லாத நிறம் பூசப்படுகிறது. அதுவும் போதாதென்று புகைப்படக்காரர் கணினியில் மேலும் வெளுப்பாக்குகிறார். கொட்டாஞ்சேனையிலும் இதே கதை; மண்டபந்தான் வேறு. பின்னர் மணப்பேச்சு வருகிறது. நிறத்திலே குறைந்தது சீதனத்திலே கூட்டப்படுகிறது. சட்டமெதுவும் இன்றியே, தாயும் பெரியம்மாவும் தரகரும் அந்த நகர ஆட்சியினரின் வேலையைச் செய்துமுடிக்கின்றனர்.

இதிலே இலாபமடைவோர் யாவர்? 1975இல் இந்தியாவில் அறிமுகமான 'பெயார் அன்ட் லவ்லி', கறுப்பின மக்களின் போராட்டம் உலகெங்கும் எதிரொலித்த 2020இல் 'குளோ அன்ட் லவ்லி' ஆயிற்று. பெயர் மாறிற்று, அது நாற்பத்தைந்து ஆண்டுகளாக விதைத்த ஆசை மாறவில்லை. அவ்வாசையை நம்பியே பாதரசம் கலந்த மலிவுக் களிம்புகளும் உலகெங்கும் விலைபோகின்றன. தோலின் கருநிறமி உருவாவதைத் தடுக்கும் அப்பாதரசம் சிறுநீரகத்தையும் சிதைக்கிறது. முன்பு பத்து இலட்சத்தில் ஒரு பங்குவரை பொறுத்துக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள் எதுவும் 2025க்குப் பின் ஆகாதென 2023இல் முடிவு செய்தன.

சங்கப் புலவர் தலைவியின் மாமையை, மாந்தளிர் போன்ற அந்நிறத்தை, அழகெனப் போற்றினர். பிரிவினால் அது வெளிறிப் பசலை படர்வதே அவளது நோய். அந்நோயையே இன்று விலைகொடுத்து வாங்குகிறோம். பழம்பெருமை பேச இதனைக் கூறவில்லை. அத்தலைவியும் தலைவனை எண்ணியே தன் நிறத்துக்கு வருந்தினாள்.

எனினும், குறுந்தொகையிலே மாமைக்கு விளக்கம் கூறிவிட்டு வீடு சென்று மகனுக்கு 'நல்ல நிறமான' பெண் தேடும் விரிவுரையாளரை எவ்வாறு பொறுப்பது? பெண் விடுதலை பற்றி மேடையில் முழங்கிவிட்டு, பெற்றோர் எழுதிய மணமகள் தேவை விளம்பரத்தை வாசித்தும் வாய் திறவாத மாணவர் எவ்வகையில் அவரினும் மேலானவர்? அவ்விளம்பரத்திலுள்ள நிறம் என்ற சொல்லை வெட்டிவிடுமாறு வீட்டாரிடம் கூற, இவ்விதழை வாசிக்கும் நம்மில் எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கிறோம்?