முருங்கை நட்டவன் ஏன் வெறுங்கையோடு போகிறான்?

'முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான்' என்றொரு பழமொழி. எங்கள் வங்கிக் கிளையில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் இதற்கு விளக்கம் சொன்னார். முருங்கை தின்று வளர்ந்தவனுக்குக் கிழவயதிலும் கால் தெம்பாக இருக்குமாம். கைத்தடி தேவைப்படாதாம். அதனால்தான் வெறுங்கையாம். அவருக்குச் சொந்த வீடு, மொட்டை மாடி, மாடியில் அறுபது பைகளில் செடி. தக்காளி காய்த்தால் படம் எடுத்து வந்து காட்டுவார். நல்ல மனிதர்தான்.

எங்க ஆயா இதே பழமொழிக்கு வேறு அர்த்தம் சொல்லும். "நட்டது நாம, மண்ணு அவனுது. காலி பண்ணுன்னு சொன்னா மரத்தையா தூக்கிட்டுப் போவ? வெறுங்கையோடதான் போவணும்."

எந்த விளக்கம் சரி என்று புலவர்கள் முடிவு செய்யட்டும். ஆயாவின் வாழ்க்கையில் நடந்தது ஆயா சொன்னதுதான்.

இந்தக் கட்டுரை வீட்டுத் தோட்டம் பற்றியது. இயக்க ஏட்டில் கத்தரிக்காய்க்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். போன மாதம் வாசிப்பு வட்டத்தில் ஒரு தோழர் கேட்டே விட்டார்: "பஞ்சமி நிலம் கேக்குற எடத்துல பாவக்கா தொட்டி பத்திப் பேசுறீங்களே தோழர், இது நடுத்தர வர்க்கப் பொழுதுபோக்கு இல்லியா?" அவர் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. நியாயம் இல்லாத பாதியிலிருந்து தொடங்குகிறேன்.

1998. எனக்கு ஏழு வயது. தை மாதம். எங்கள் காலனியில் ஒரு சாவு. மழைத் தண்ணீர் வடியாத வாய்க்காலில் இறங்கிப் போக முடியாது என்று இளைஞர்கள் பாடையை ஊர்த்தெரு வழியாகவே தூக்கிப் போனார்கள். மறுநாள் ஊர்க்கட்டுப்பாடு. எங்களுக்கு வயல் வேலை கிடையாது. ஊர்க் கடையில் உப்புகூடக் கிடையாது. பால் கிடையாது. பம்புசெட்டுப் பக்கம் குடம் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. ரேஷன் கடையும் ஊர்த்தெருவில்தான். ஒரு வாரத்தில் காலில் வந்து விழுவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். 23 நாள் ஆனது. தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் போட்டுத்தான் முடிந்தது. யாரும் யார் காலிலும் விழவில்லை.

அந்த 23 நாளும் சாப்பிட்டது எப்படி? டவுனிலிருந்து தோழர்கள் மூட்டையில் அரிசி கொண்டு வந்தார்கள். அப்பா செங்கல் சூளைக்குப் போய்க் கூலி கொண்டு வந்தார். ஆனால் வெறும் சோற்றை எத்தனை நாள் தின்ன முடியும்? அம்மா வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு இடம் வைத்திருந்தது. ஒரு முருங்கை, இரண்டு பப்பாளி, நாலு மிளகாய்ச் செடி, கூரை மேல் பூசணிக்கொடி. தை மாதம் என்பதால் அவரைப் பந்தல் காய்த்துத் தொங்கியது. எங்கள் வீட்டு அவரை எதிர்வீட்டுக்குப் போனது. எதிர்வீட்டுச் சுண்டைக்காய் எங்கள் வீட்டுக்கு வந்தது. பப்பாளிக் காயில் கூட்டு. முருங்கைக்கீரை தினமும். "இன்னிக்கும் கீரையா" என்று நான் அழுதேன். அம்மா முதுகில் ஒன்று வைத்தது: "இந்தக் கீர இல்லன்னா உங்கப்பன் இந்நேரம் கையக் கட்டிக்கிட்டு நின்னிருப்பான்டா."

ஊர்க்கட்டுப்பாடு என்பது வயிற்றை வைத்து நடத்தும் யுத்தம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அந்தச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோதுதான் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் வெளிப்படையாகக் குற்றங்களாகச் சேர்க்கப்பட்டன. வழக்கு நடக்கட்டும். வழக்கு நடக்கும்போது குழம்பில் போட என்ன இருக்கிறது என்பதும் போராட்டத்தின் கேள்விதான்.

இதைக் கறுப்பின மக்களும் அறிந்திருந்தார்கள். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபேனி லூ ஹேமர், பண்ணையில் பருத்தி எடுத்த பெண். 1962இல் வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காகப் பண்ணையிலிருந்து விரட்டப்பட்டார். 1969இல் அவர் ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். ஏழைகள் சேர்ந்து காய்கறி பயிரிட்டார்கள். கூடவே ஒரு பன்றி வங்கி. சினைப் பன்றியை ஒரு குடும்பம் வாங்கிப் போகும். குட்டிகளை வைத்துக்கொண்டு தாயைத் திருப்பித் தரும். நானும் வங்கியில்தான் வேலை பார்க்கிறேன். இப்படி ஒரு வங்கியில் வேலை கிடைக்காமல் போச்சே என்று இருக்கிறது. பணம் இல்லாமல் 1970களின் நடுவில் அந்தப் பண்ணை மூடப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த அம்மா கண்டது உண்மை. சோறு எதிரியின் கையில் இருக்கும்வரை ஓட்டும் அவன் கையில்தான்.

இனி, தோழர் கேள்வியில் நியாயமான பாதி. செடி வைக்க மண் வேண்டும். மண் யாருடையது?

செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்கீர் 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். பறையர்கள் குடிசை போட்டிருந்த மனைகூட மிராசுதாரர் பிடியில் இருந்ததை அதில் எழுதினார். எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரி என்பார்கள். அடுத்த ஆண்டு, 1892இல், ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத்தான் விற்க வேண்டும். இவ்வளவு கட்டுக்காவல் போட்டும் அந்த நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதை மீட்கப் போனதற்கு என்ன கிடைத்தது என்பதும் தெரியும். 1994 அக்டோபர் 10, காரணை. துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு உயிர்கள்.

தமிழகத்தில் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே சொந்தமாக்கும் சட்டம் 1971இல்தான் வந்தது. அதுவரை பண்ணையாளின் குடிசைக்கு அடியில் இருந்த மண் மிராசுதாருடையது. வாசலில் நட்ட முருங்கையும் அப்படித்தான். ஆயாவின் பழமொழி அங்கிருந்து வந்தது.

இன்று என்ன? காலனியில் இரண்டரை சென்ட், மூன்று சென்ட் மனை. ஒரு சென்ட் 435 சதுர அடி. வீடு கட்டி, மகனுக்கு ஓர் அறை இழுத்தால் பின்வாசல் மறைந்து போகும். வேலை தேடி நகரத்துக்கு வந்தாலோ வாடகை வீடு. நான் குடியிருந்த ஒரு வீட்டில் மாடியில் எட்டு வாளிகளில் செடி வைத்தேன். வீட்டுக்காரர் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. மீன் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதைப் பார்த்த பிறகு மாடிக்குப் பூட்டு வந்தது. "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியும் வந்தது. அதே மாடியில் அவர் பஞ்சகவ்யம் தெளிப்பார். மாட்டு மூத்திரமும் சாணியும் மணக்கிறது, மத்தி மீன் கழுவிய தண்ணீர் நாறுகிறது! உரத்துக்கும் சாதி வைத்தவர்கள் இவர்கள்.

'இயற்கைக்குத் திரும்புவோம்', 'பாட்டன் பூட்டன் விவசாயம்' என்று இன்றைக்கு மேடைக்கு மேடை பேசுகிறார்கள். யாருடைய பாட்டன்? பண்ணையார் பாட்டன் வரப்பில் நின்றான். எங்கள் பாட்டன் சேற்றில் நின்றான். கிராமத்தைப் புகழ்ந்தவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கொடுத்த அடி போதாதா? இரசாயனம் இல்லாத காய் நல்லதுதான். சாதி இல்லாத மண்ணும் வேண்டும் என்று சேர்த்துச் சொல்லாதவரின் 'இயற்கை' எனக்கு வேண்டாம்.

அப்படியானால் நிலம் கைக்கு வரும்வரை காத்திருப்பதா? கூடாது. நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம், சரி. காய் கிடையாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் நியாயவிலைக் கடையில் வைத்து 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. விலை ஏறினால் நம் வீடுகளில் முதலில் குறைவது காய்தான். அதிலும் முதலில் குறைவது பெண்களின் தட்டில். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து உண்டு. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துச் சாப்பிட்டால் அது உடம்பில் நன்றாகச் சேரும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். தோட்டக்கலைத் துறை மானியத்தில் மாடித் தோட்டத் தளை கொடுக்கிறது. கிடைத்தால் வாங்குங்கள், நம் வரிப்பணம். கிடைக்காவிட்டாலும் குறையில்லை. கட்டட வேலைக்குப் போகும் தம்பிகளிடம் காலி சிமெண்டு சாக்கும் பெயிண்டு வாளியும் கேளுங்கள். நன்றாகக் கழுவி அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் அதிலுள்ள உப்பு செடியைக் கெடுக்கும். சாக்கைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். ஐந்து ஆறு மணி நேரம் வெயில் படும் இடம் வேண்டும். முதல் ஆண்டு எனக்கு ஆன மொத்தச் செலவு 640 ரூபாய்.

விதைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். அஞ்சறைப் பெட்டியில் வெந்தயம் இருக்கிறது, மல்லி இருக்கிறது. மல்லியை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். காய்ந்த மிளகாயை உதிர்த்தால் விதை. பொன்னாங்கண்ணிக் கட்டில் கீரையைக் கிள்ளிக்கொண்டு தண்டை நட்டால் துளிர்க்கும். சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். அவரை ஆடியில் போட்டால் பனிக்காலத்தில் காய்க்கும். ஒரு முழம் இடம் இருந்தால் முருங்கைப் போத்து ஒன்று. குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு வாழை. கழனித் தண்ணீரை வீணாக்காதீர்கள். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு மூடி ஒரு மாதம் வைத்தால் மீன் அமிலம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி போதும். எலும்பை நொறுக்கி மண்ணில் புதைத்தால் மணிச்சத்து. எந்த எலும்பு என்று செடி கேட்காது.

ஆண் தோழர்களுக்கு ஒன்று. அம்மாவின் அவரைப் பந்தலுக்குத் தண்ணீர் சுமந்தது அம்மாவும் ஆயாவும். அப்பா ஒரு குடம் தூக்கி நான் பார்த்ததில்லை. காலனிக் குழாயில் தண்ணீர் கடைசியாகத்தான் வரும், முதலில் நின்றுவிடும். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்த நாடு இது. அந்தத் தண்ணீரை இடுப்பில் சுமப்பவள் தலையில் தோட்டத்தையும் கட்டிவிட்டு, நாம் மேடையில் தன்னிறைவு பேசினால் அது அயோக்கியத்தனம். வாளியைத் தூக்குங்கள்.

கடைசியாக வங்கிக் கவுண்டருக்கு வருகிறேன். பயிர்க்கடன் கேட்டு வருகிறவரிடம் பட்டா, சிட்டா, அடங்கல் கேட்பது என் வேலை. நாற்பது வருடம் நாற்று நட்ட ஒரு பெரியம்மா என் முன்னால் நின்று, "எங்கிட்ட காயிதம் ஏதுப்பா, கைதான் இருக்குது" என்றது. நான் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைக்கு மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. என் மாடியில் எத்தனை வாளி காய்த்தாலும் அந்தப் பெரியம்மாவுக்கு ஒரு சென்ட் மண் வந்துவிடாது.

அதனால் மாணவத் தோழர்களுக்கு இரண்டு வேலை சொல்கிறேன். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். ஒன்று, உங்கள் காலனி இரவுப் பாடசாலையில் ஒரு மூலையை நாற்றங்காலாக்குங்கள். வீட்டுக்கு ஒரு முருங்கைப் போத்து, ஒரு பிடி அவரை விதை. வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் இரண்டு பிடியாகத் திருப்பித் தரட்டும். இரண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். உங்கள் கிராமத்துப் பழைய நிலப் பதிவேட்டில் 'டி.சி. நிலம்' என்று எழுதிய சர்வே எண்கள் எவை, இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று கேளுங்கள். மனுவை எழுதுகிற பிள்ளையே செடிக்கும் தண்ணீர் ஊற்றட்டும்.

வாளியில் வைத்த செடி நாலு நாள் பசிக்கு ஆகும். ஊர்க்கட்டுப்பாடு போட்டால் 23 நாளுக்கும் ஆகும். நூற்றாண்டுப் பசிக்கு நிலம்தான் வேண்டும்.

ஆயா செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அது நட்ட முருங்கையின் கிளை ஒன்றை ஒடித்து வந்து, வாடகை வீட்டு வாசலில் பெயிண்டு வாளியில் நட்டிருக்கிறேன். துளிர் விட்டிருக்கிறது. வாளிக்குள் அது மரமாகாது. அதற்கு மண் வேண்டும்.